பாலைவனத் தரையருகே காற்றின் கொந்தளிப்பை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நண்பகலில் பாலை மணலுக்கு மேல், தூரத்தில், தண்ணீர் போல ஒன்று நெளியும். கானல் நீர் என்கிறோம். பழந்தமிழில் அதற்குப் பேய்த்தேர் என்று பெயர். தண்ணீர் போலத் தெரிவதற்குக் காரணம், தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிட மிகச் சூடாக இருந்து ஒளியை வளைப்பது. ஆனால் அது ஏன் நெளிய வேண்டும்? சூடான காற்றுத் துண்டுகள் மேலேறுகின்றன, குளிர்ந்தவை கீழிறங்குகின்றன, இரண்டும் ஒழுங்கில்லாமல் கலக்கின்றன. அந்தக் கலக்கம்தான் கொந்தளிப்பு. இந்தக் கட்டுரை அதை எண்களாக எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றியது.

மரமில்லை, கட்டடமில்லை, வெட்டவெளி. அதனால் பாலைவனத்தில் அளப்பது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. காற்றியக்கத்தின் கோட்பாடுகள் எதிர்பார்க்கும் சமமான தரை அங்கேதான் கிடைக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்புச் சமவெளியிலும், சீனாவின் கான்சு மாகாணத்தில் வறண்டுபோன சிங்து ஏரிப் படுகையிலும் ஆய்வுக் கோபுரங்கள் நிற்பதற்குக் காரணம் அதுவே. மறுபாதி: வெயில், மணல், புழுதி, மின்னேற்றம் ஆகிய நான்கும் கருவியை விடாமல் தாக்கும். இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பாலைவனத்தில் பிழையைப் போட்டு மறைக்க இடமில்லை. காட்டிலோ வயலிலோ கணக்கு உதைத்தால் இலைமேல், ஈரத்தின்மேல், பக்கத்து வரப்பின்மேல் பழியைப் போடலாம். வெறும் மணலில் கணக்கு உதைத்தால் பெரும்பாலும் நம் அளவீடுதான் தவறு.

எதை அளக்கிறோம்?

சராசரிக் காற்று வேகத்தை அல்ல. சராசரியைச் சுற்றி நடக்கும் ஏற்ற இறக்கத்தை. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1895இல் காட்டிய வழி இது: ஒவ்வொரு கணத்து அளவையும் சராசரி ஒன்று, விலகல் ஒன்று என இரண்டாகப் பிரிக்க வேண்டும். மேலேறும் காற்றின் விலகலையும் வெப்பநிலையின் விலகலையும் கணத்துக்குக் கணம் பெருக்கி, அந்தப் பெருக்கல்களின் சராசரியை எடுத்தால் தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தின் அளவு கிடைக்கும். சூடான துண்டு மேலே போனாலும் பெருக்கல் நேர்க்குறி. குளிர்ந்த துண்டு கீழே வந்தாலும் நேர்க்குறி. இரண்டுமே வெப்பத்தை மேலே கடத்துகின்றன. அந்தச் சராசரிக்கு உடன்மாறுபாடு என்றும், இந்த வழிக்கு உடன்மாறுபாட்டு முறை என்றும் பெயர்.

இதே பெருக்கலைக் கிடைக்காற்றின் விலகலுக்கும் செங்குத்துக் காற்றின் விலகலுக்கும் செய்தால் உந்தப் பாயம் வரும் (பாயம் என்றால் ஒரு பரப்பைக் கடந்து போகும் அளவு). அதன் வர்க்கமூலம் உராய்வு வேகம். மூன்று திசை விலகல்களின் வர்க்கச் சராசரிகளைக் கூட்டிப் பாதியாக்கினால் கொந்தளிப்பின் இயக்க ஆற்றல். இவற்றோடு ஒபுகோவ் நீளத்தையும் சேர்த்தால் அடிப்படைப் பட்டியல் முடிந்தது.

ஒபுகோவ் நீளம் பலரைப் பயமுறுத்தும். உண்மையில் எளிய கருத்துதான்: கொந்தளிப்பைக் காற்றின் உராய்வு உண்டாக்குகிறதா, தரையின் சூடு உண்டாக்குகிறதா என்று தீர்ப்புச் சொல்லும் உயரம் அது. அதற்குக் கீழே உராய்வின் ஆட்சி, மேலே சூட்டின் ஆட்சி. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு பார்ப்போம். உராய்வு வேகம் வினாடிக்கு 0.3 மீட்டர், வெப்பநிலை 313 கெல்வின், செங்குத்துக் காற்றும் வெப்பநிலையும் தரும் உடன்மாறுபாடு 0.25 கெல்வின் மீட்டர்/வினாடி என்று வைத்துக்கொள்வோம். உராய்வு வேகத்தின் முப்படியை வெப்பநிலையால் பெருக்கி, 0.4 என்ற கார்மன் மாறிலி, புவியீர்ப்பு 9.8, உடன்மாறுபாடு 0.25 ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்தால் ஏறக்குறைய 8.6 மீட்டர். பகலில் இதை எதிர்க்குறியோடு எழுதுவது வழக்கம். உங்கள் கருவி 3 மீட்டரில் இருந்தால், உயரத்தை இந்த நீளத்தால் வகுத்து −0.35. மோனினும் ஒபுகோவும் 1954இல் முன்வைத்த கோட்பாடு தரையருகே காற்றின் நடத்தையை இந்த ஒற்றை எண்ணோடு கட்டிப்போடுகிறது. அதே உடன்மாறுபாட்டைக் காற்றின் அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 280 வாட். கோடை நண்பகலில் வெறும் மணலிலிருந்து இப்படிப்பட்ட வெப்பம் எழுவது சாதாரணம்.

இடம் தேர்வு

கருவியின் உயரத்தைப்போல 100 மடங்கு தூரமாவது, காற்று வரும் திசையில் தரை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது பழைய கட்டைவிரல் கணக்கு. 3 மீட்டருக்கு 300 மீட்டர், 10 மீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். பகலின் சூட்டில் கருவி 'பார்க்கும்' தரைப்பரப்பு இதைவிடச் சுருங்கும். அமைதியான இரவில் பல மடங்கு நீளும். அதனால் இரவுத் தரவும் தேவையென்றால் கணக்கைக் கஞ்சத்தனமாகப் போடாதீர்கள்.

வறண்ட ஏரிப் படுகையும் உப்புச் சமவெளியும் மிகச் சிறந்தவை. தரையின் கரடுமுரடு காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் சொரசொரப்பு நீளம் அவற்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சரளைப் பாலை அடுத்தபடி. மணல்மேடுகள் நிறைந்த இடம் தனி உலகம்: மேட்டின் முகட்டில் காற்று விரையும், மறைவில் பிரிந்து சுழலும், சமதரைக்கு எழுதிய சூத்திரம் எதுவும் அங்கே நேராகப் பொருந்தாது. மேடுகளையே ஆராய்வது நோக்கமில்லை என்றால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

இடத்தை முடிவு செய்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதை மிதிக்காமல் இருப்பது. பாலைத் தரையின் மேல் மெல்லிய ஓடு ஒன்று படிந்திருக்கும். ஒரு வண்டி ஓட்டம் போதும், அது நொறுங்கும். நொறுங்கிய இடத்திலிருந்து புழுதி கிளம்பும், தரையின் நிறம் மாறும், சூடாகும் அளவு மாறும். காற்று போகும் பக்கமாக, அதாவது கம்பத்துக்குப் பின்னால், ஒரே ஒரு நடைபாதை வையுங்கள். எல்லோரும் அதிலேயே போக வேண்டும். காற்று வரும் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாது, புகைப்படம் எடுக்கக்கூட.

கருவி: சோனிக் அனிமோமீட்டர்

கிண்ண அனிமோமீட்டர் சராசரிக்கு நல்லது. கொந்தளிப்புக்கு மிக மந்தம். வேண்டியது மூன்று பரிமாணச் சோனிக் அனிமோமீட்டர். எதிரெதிரே இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒலித்துடிப்பு போய்வரும் நேரத்தை அது அளக்கிறது. காற்றோடு போகும் துடிப்பு சீக்கிரம் சேரும், எதிர்த்து வருவது தாமதமாகும். வேறுபாட்டிலிருந்து காற்றின் வேகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒலியின் வேகம், அதிலிருந்து வெப்பநிலை. சுழலும் பாகம் ஏதுமில்லை என்பதால் மணலில் மாட்டிக்கொண்டு நிற்காது.

சோனிக் தரும் வெப்பநிலையில் ஈரப்பதத்தின் கலப்பு உண்டு. காற்றில் உள்ள நீராவி விகிதத்தை 0.51ஆலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கிய அளவுக்கு அது கூடுதலாகக் காட்டும். ஒரு கிலோ காற்றில் 5 கிராம் நீராவி என்றால் சராசரியில் 0.8 டிகிரி வேறுபாடு. ஏற்ற இறக்கத்தில் வரும் பிழை பாலையின் வறட்சியில் மிகச் சிறியது. வேளாண் நிலத்தில் கவலைப்பட வேண்டிய ஒரு திருத்தம் இங்கே ஏறக்குறைய இலவசமாகத் தீர்ந்துவிடுகிறது.

சிலர் நேரடி வெப்பநிலைக்காக 13 மைக்ரான் தடிமனுள்ள நுண்கம்பி வெப்ப இரட்டையைச் சேர்ப்பார்கள். அருமையான உணரிதான், ஆனால் முதல் மணற்காற்றிலேயே அறுந்துபோகும். இரண்டு மூன்று நாள் தீவிர அளவீட்டுக்குப் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் நம்பி விடாதீர்கள். அகச்சிவப்பு நீராவி அளவி வாங்கக் கையில் பணம் குறைவாக இருந்தால், பாலையில் நான் முதலில் விடுவது அதைத்தான். அந்தப் பணத்தில் இரண்டாவது சோனிக் வாங்கினால் பலன் அதிகம். ஏன் என்று அடுத்த பகுதியில் புரியும்.

வாங்குமுன் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை வரம்பைப் பாருங்கள். பல மாதிரிகளுக்கு 50 டிகிரி செல்சியஸ்தான் உச்சம். நிழலில் காற்று 45 டிகிரி இருக்கும்போது வெயிலில் நிற்கும் மின்னணுப் பெட்டி அதைவிடச் சூடாகவே இருக்கும். பெட்டிக்கு வெள்ளைப் பூச்சும் காற்றோட்டமுள்ள தனி நிழலும் கட்டாயம்.

எத்தனை உயரம், எத்தனை வேகம்

முனைகளுக்கு நடுவிலான தூரம் பொதுவாக 10 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். அதைவிடச் சிறிய சுழல்களைக் கருவி பார்க்காது, சராசரி ஆக்கிவிடும். தரையை நெருங்க நெருங்கச் சுழல்கள் சிறுக்கின்றன. அதனால் ஒரு மீட்டருக்குக் கீழே சோனிக் வைத்தால் இழப்பு அதிகம், தாவும் மணலின் அடியும் அங்கேதான் அதிகம். ஒரே கருவி என்றால் 3 மீட்டர் நல்ல தேர்வு. இரண்டு என்றால் 3, 10. கோபுரம் கிடைத்தால் உயரங்களைச் சம இடைவெளியில் வைக்காமல் இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். 1990இல் இந்தியாவில் நடந்த மான்ட்பிளெக்ஸ் ஆய்வில் ஜோத்பூரின் 30 மீட்டர் கோபுரத்தில் 1, 2, 4, 8, 15, 30 மீட்டர் என்றுதான் வைத்தார்கள். சிங்து ஏரிக் கோபுரத்தின் சோனிக்குகளும் 0.9 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை இதே போக்கில் அடுக்கப்பட்டவை. தரையருகே எல்லாம் வேகமாக மாறுகிறது, மேலே மெதுவாக மாறுகிறது என்பதால் இந்த அடுக்கு.

இரண்டாவது சோனிக் ஏன்? தரையை ஒட்டிய சில பத்து மீட்டரில் பாயம் உயரத்தோடு அதிகம் மாறாது; வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 3 மீட்டரும் 10 மீட்டரும் பகலில் ஒரே வெப்பப் பாயத்தைக் காட்டினால் நிம்மதி. காட்டாவிட்டால் ஒன்று தரை சமமில்லை, அல்லது ஒரு கருவி சரியில்லை. ஒற்றைக் கருவியால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

மாதிரி எடுக்கும் வேகம் வினாடிக்கு 20 முறை. காரணம் இது: பாயத்தைச் சுமக்கும் சுழல்களின் அதிர்வெண்ணை உயரத்தால் பெருக்கி, காற்று வேகத்தால் வகுத்தால் அது ஏறத்தாழ 5க்குள் அடங்கிவிடும். 3 மீட்டரில், வினாடிக்கு 5 மீட்டர் காற்றில், அது 8 ஹெர்ட்ஸ் சொச்சம். 20 முறை எடுத்தால் 10 ஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம், போதும். மூன்று திசைக் காற்று, வெப்பநிலை என நான்கு அலைவரிசை, 20 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நாளைக்கு 69 லட்சம் எண்கள், சுமார் 28 மெகாபைட். நினைவட்டைக்கு இது ஒன்றுமேயில்லை. ஆகவே இடம் மிச்சம் பிடிக்கச் சராசரியை மட்டும் சேமிக்காதீர்கள். மூலத் தரவு முழுவதையும் வைத்திருங்கள். போன சராசரியிலிருந்து கொந்தளிப்பை மீட்க வழியே கிடையாது.

கம்பம் நடுதல்

மணலில் முளை அடித்தால் நிற்காது. இழுகம்பியின் நுனியில் ஒரு பலகையையோ இரும்புத் தகட்டையோ கட்டி, ஒரு மீட்டர் ஆழத்தில் கிடையாகப் புதைத்து மூடுங்கள். மேலே இருக்கும் மணலின் எடைதான் நங்கூரம். உப்புச் சமவெளியில் பிரச்சினை வேறு: மேலே கெட்டியான ஓடு, அடியில் சேறு. அங்கே கம்பத்தின் காலடிக்கு அகலமான பலகை தேவை, இல்லாவிட்டால் சில வாரங்களில் மெல்லச் சாயும்.

சோனிக்கைக் கம்பத்தின் உச்சியில் வைப்பது சிறந்தது. பக்கவாட்டுக் கரத்தில் வைத்தால் கரம் வழக்கமான காற்று வரும் திசையை நோக்கட்டும். கம்பத்தின் பின்னிருந்து காற்று வரும்போது கிடைக்கும் தரவை, இருபக்கமும் 30 டிகிரி அளவுக்கு, ஒதுக்கிவிடுங்கள். இழுகம்பி தொய்ந்திருந்தால் கம்பம் அதிரும். அந்த அதிர்வு ஸ்பெக்ட்ரத்தில், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று காட்டும் வரைபடத்தில், ஊசிபோல ஒரு கூர்முனையாகத் தெரியும்.

வடக்கைக் காந்த ஊசியால் பார்க்கும்போது இரண்டு எச்சரிக்கை. காந்த வடக்கு உண்மை வடக்கல்ல, இடத்துக்கு உரிய திருத்தம் உண்டு. இரும்புக் கம்பத்தருகே ஊசி பொய் சொல்லும். தொலைவில் ஒரு மலை முகட்டையோ நட்டுவைத்த கோலையோ ஜிபிஎஸ் உதவியால் குறிவைத்து, சோனிக்கை அதை நோக்கித் திருப்புவது நம்பகமானது. ஒரு முறை நான் இரும்புக் குறடு பக்கத்தில் கிடந்ததைக் கவனிக்காமல் திசை பார்த்து, ஒரு வாரத் தரவு முழுவதையும் பிறகு திருத்த வேண்டி வந்தது.

அப்புறம் மட்டம். நீர்மட்டக் குமிழியால் முடிந்தவரை நேராக்குங்கள், மீதியைக் கணக்கில் திருத்தலாம். கருவியை ஏற்றுமுன் முனைகளைச் சுற்றி ஒரு பெரிய அட்டைப் பெட்டியை மூடி, உள்ளே காற்றில்லாத நிலையில் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். மூன்று திசையிலும் பூச்சியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். இந்தச் சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. அதை அதிகாலையில், வெயில் ஏறுமுன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே சூடான காற்று சுழலத் தொடங்கிவிடும்.

மின்னேற்றமும் மின்சாரமும்

மணல் பறக்கும்போது துகள்கள் ஒன்றோடொன்று உரசி மின்னேற்றம் பெறுகின்றன. தாவும் மணலுக்குள், தரைக்கு மிக அருகே, மீட்டருக்கு 1,00,000 வோல்ட்டையும் தாண்டிய மின்புலம் அளக்கப்பட்டிருக்கிறது. தரவைப் பதியும் டேட்டா லாகர் நடுவழியில் நின்றுபோவதற்கும், எண்களில் விளக்கமில்லாத தாவல்கள் வருவதற்கும் இது பெரிய காரணம். நிலத்தொடர்பு கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆனால் உலர்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை என்று சொல்லலாம். கடத்தும் கம்பியை ஈரம் தட்டும் ஆழம் வரை இறக்குங்கள். அது முடியாவிட்டால் கம்பியைச் சுற்றிப் பென்டோனைட் களிமண்ணை நனைத்து நிரப்புங்கள். கம்பம், கருவி, லாகர் எல்லாம் ஒரே நிலத்தொடர்புப் புள்ளியில் சேர வேண்டும். கருவியிலிருந்து வரும் சமிக்ஞை டிஜிட்டலாகவே வரட்டும்.

சூரியத் தகடு பாலைவனத்தில் தாராளமாக மின்சாரம் தரும் என்பது உண்மை, புழுதி படியும் வரை. தேவையைவிட இரண்டு மடங்கு தகடு வைத்து, செங்குத்தாகச் சற்று அதிகம் சாய்த்து வைத்தால் புழுதி தானாகச் சரியும். மின்கலம் சூட்டில் சீக்கிரம் கெடும். அதைப் பெட்டியோடு மண்ணுக்குள் புதைத்து வைப்பதே நல்லது. அரை மீட்டர் ஆழத்தில் பகலும் இரவும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான்.

வெப்பக் கணக்குக்கான துணைக் கருவிகள்

கொந்தளிப்பு மட்டும் போதும் என்று இதை விட்டுவிடாதீர்கள். பாலைவனம் நமக்குத் தரும் மிகப் பெரிய பரிசோதனை இதுதான். நிகரக் கதிர்வீச்சிலிருந்து (தரைக்கு வருவதில் திரும்பிப் போவதைக் கழித்த மிச்சம்) மண்ணுக்குள் போகும் வெப்பத்தைக் கழித்தால் மிச்சம், காற்றுக்குப் போகும் வெப்பம். நீர் ஆவியாகும் பங்கு வறண்ட காலத்தில் பூச்சியத்தை ஒட்டியது. ஆக மூன்றே உறுப்புள்ள கணக்கு.

நான்கு பாகக் கதிர்வீச்சு அளவி ஒன்று, மண் வெப்பப் பாயத் தகடு இரண்டு மூன்று, தகட்டுக்கு மேலே உள்ள மண்ணின் வெப்பநிலை. கடைசியது விடுபடுவதுதான் வழக்கமான தவறு. தகடு 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்போம். அதற்கு மேலே உள்ள மணல் ஒரு மணி நேரத்தில் 5 டிகிரி சூடானால், உலர்ந்த மணலின் வெப்பக் கொள்ளளவு கன மீட்டருக்கு ஏறத்தாழ 13 லட்சம் ஜூல் என்பதால், அந்த அடுக்கில் மட்டும் சதுர மீட்டருக்கு 90 வாட் தேங்குகிறது. தகடு இதைக் காட்டவே காட்டாது. காலையில் மணல் வேகமாகச் சூடாகும் நேரத்தில் இதைச் சேர்க்காமல் போட்ட கணக்கு எப்போதும் உதைக்கும்.

சதுர மீட்டருக்கு நிகரக் கதிர்வீச்சு 450 வாட், மண்ணுக்குள் 130 என்றால் காற்றுக்கு 320 போக வேண்டும். சோனிக் 280 சொன்னால் 87 சதவீதம் ஒத்துப்போகிறது. உலகெங்கும் இந்த முறையில் 70 முதல் 90 சதவீதமே பொதுவாகக் கிடைக்கிறது, ஆக இது நல்ல விடை. 50 வந்தால் எங்கோ தவறு. 110 வந்தாலும் தவறுதான்.

தரவைக் கணக்காக மாற்றுதல்

முதலில் கருவியே தரும் எச்சரிக்கைக் குறியுள்ள பதிவுகளையும், நடக்கவே முடியாத எண்களையும் நீக்குங்கள். பிறகு தாவல்களை. இங்கே கவனம் தேவை. பகலில் தரையருகே வெப்பநிலை மெல்ல மெல்ல ஏறி, திடீரென்று ஒரே வெட்டாக இறங்கும், மறுபடி ஏறும். ரம்பத்தின் பற்களைப் போன்ற இந்த வடிவம் உண்மையானது, சூடான காற்றுத்திரள் எழும்பிப் போனதும் மேலிருந்து குளிர்ந்த காற்று வந்து விழுவதன் தடம். புழுதிச்சுழல் கடந்துபோனாலும் பெரிய தாவல் வரும். திட்ட விலக்கத்தின் மூன்றரை மடங்கைத் தாண்டினால் நீக்கு என்ற பொது விதியை அப்படியே போட்டால் பாலைவனத்தின் உயிர்ப்பகுதியையே வெட்டிவிடுவோம். நான்கு பதிவுகளுக்கும் குறைவான, தனித்து நிற்கும் தாவலை மட்டும் நீக்குங்கள். நீண்டு நிற்பதை விட்டுவையுங்கள்.

அடுத்து ஆயத்திருப்பம், அதாவது கருவியின் சாய்வைக் கணக்கில் திருப்பி நேராக்குவது. கருவி ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் உந்தப் பாயம் 10 சதவீதத்துக்கும் மேல் பிழைபடலாம்; வெப்பப் பாயம் அவ்வளவு பாதிக்கப்படாது. ஒவ்வொரு அரைமணித் துண்டிலும் சராசரிச் செங்குத்து வேகத்தைப் பூச்சியமாக்கும் இரட்டைத் திருப்பம் எளிதானது. ஆனால் காற்று மெதுவாக வீசும் சூடான பிற்பகலில் அரைமணி முழுவதும் காற்று உண்மையிலேயே மேலேறிக்கொண்டிருக்கலாம். அதையும் சாய்வு என்று எண்ணி இந்த முறை திருப்பிவிடும். பல வாரத் தரவுக்கு ஒரே தளத்தைப் பொருத்தும் முறை இங்கே நல்லது. மணல் இடம்பெயரும் தரையில் சில மாதங்களுக்கு ஒரு முறை தளத்தைப் புதிதாகப் பொருத்த வேண்டும்.

சராசரி நேரம் எவ்வளவு? அரைமணி என்று எல்லா நூல்களும் சொல்லும். பாலைவனத்தில் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. கோடையில் பாலையின் மேல் எல்லை அடுக்கு, அதாவது தரையின் சூடு கலக்கும் காற்றடுக்கு, மிக உயரம்; சகாராவில் 5 கிலோமீட்டரையும் தாண்டும். மிகப் பெரிய சுழல்களின் அகலம் அந்த உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு. 3 கிலோமீட்டர் அடுக்கு என்றே வைத்துக்கொண்டாலும் சுழலின் அகலம் 4.5 கிலோமீட்டர், வினாடிக்கு 5 மீட்டர் காற்றில் அது கடக்க 15 நிமிடம். அரைமணியில் இரண்டே சுழல்கள்! இரண்டு பேரைக் கேட்டு ஊரின் சராசரி உயரத்தைச் சொல்வதுபோல. வெப்பக் கணக்கு 100 சதவீதத்தைத் தொடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. பெரிய அதிர்வெண்ணிலிருந்து சிறியதை நோக்கி உடன்மாறுபாட்டைக் கூட்டிக்கொண்டே போய், கோடு எப்போது சமமாகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்தில் சமமாகாவிட்டால் 60, 120 நிமிடம் முயலுங்கள், ஆனால் அதற்குள் வெயிலே மாறிவிடும் என்ற எல்லையும் உண்டு.

முடிவை நம்பலாமா?

மூன்று சோதனை செய்யாமல் எந்த எண்ணையும் நான் வெளியே சொல்வதில்லை. ஒன்று, நிலைத்தன்மை: அரைமணியை ஐந்தைந்து நிமிடமாக ஆறு துண்டுகளாக்கி, அவற்றின் உடன்மாறுபாடுகளின் சராசரி முழுத் துண்டின் விடையிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் விலகினால் ஒதுக்குங்கள். இரண்டு, செங்குத்துக் காற்றின் திட்ட விலக்கம். சூட்டின் பங்கு இல்லாதபோது அது உராய்வு வேகத்தைப்போல 1.25 மடங்கு. சூடு சேரும்போது, உயரம்–ஒபுகோவ் விகிதத்தின் அளவை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டி, கனமூலம் எடுத்து, 1.25ஆல் பெருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 0.35க்கு 1.59 மடங்கு, அதாவது வினாடிக்கு 0.48 மீட்டர். உங்கள் கருவி 0.8 காட்டினால் கம்பம் ஆடுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது ஸ்பெக்ட்ரம், எனக்கு மிகவும் பிடித்தது. கொல்மகோரவ் 1941இல் சொன்னபடி, நடுத்தரச் சுழல்களின் பகுதியில் மடக்கை அச்சுகளில் வரைந்த கோடு −5/3 சரிவில் இறங்க வேண்டும். அதே பகுதியில் செங்குத்துக் காற்றின் ஸ்பெக்ட்ரம் காற்றுத் திசைக் கூறின் ஸ்பெக்ட்ரத்தைவிட 4/3 மடங்கு இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எந்தப் பிழையும் தற்செயலாக உண்டாக்காது. கடைசியில் கோடு கிடையாகப் படுத்தால் கருவியின் இரைச்சல். முனைகளில் உப்போ புழுதியோ படிந்திருக்கலாம்.

இரவு வேறு

மேகமில்லாத வறண்ட வானத்தின் கீழ் மணல் விரைவில் குளிர்கிறது. குளிர்ந்த கனமான காற்று தரையில் படுத்துக்கொள்ள, கொந்தளிப்பு அடங்கி, விட்டுவிட்டு வெடிக்கும். சில நிமிடங்கள் கலக்கம், பிறகு நீண்ட அமைதி. அரைமணிச் சராசரி இங்கே பொருளற்றது. ஐந்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு போதும். ஒபுகோவ் நீளம் ஒன்றிரண்டு மீட்டராகச் சுருங்கும் இரவில் 10 மீட்டர் கருவி தரையோடு தொடர்பே இல்லாத காற்றை அளந்துகொண்டிருக்கும். பகலின் விதி இரவில் செல்லாது என்று தனிக் கோப்பாகவே கையாளுங்கள்.

ஒளியால் அளப்பது

பேய்த்தேரின் நெளிவையே கருவியாக்கியது சின்டிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து ஒளி, சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் தள்ளி மறுமுனையில் வாங்கி. ஒளியின் மினுமினுப்பிலிருந்து பாதை முழுவதற்குமான கொந்தளிப்பின் சராசரி. தொலைநோக்கி, லேசர் தொடர்பு வேலை செய்பவர்களுக்கு வேண்டியதும் இந்த அளவே. தரையிலிருந்து உயர உயர அது வேகமாகக் குறையும். பகல் சூட்டில் உயரத்தை இரட்டிப்பாக்கினால் 0.4 மடங்காகிவிடும். பாலைவனத்தில் மினுமினுப்பு மிகுந்து கருவி திணறும். ஆகவே பாதையைச் சுருக்குங்கள் அல்லது உயர்த்துங்கள். இரவுக்கும் பகலுக்கும் ஒளி வளையும் திசையே மாறுவதால் காலையில் பார்த்து நேராக்கிய கருவி நண்பகலில் குறி தவறலாம். வெப்பம் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று இதற்குத் தெரியாது. விடியலுக்குப் பின்னும் அந்திக்கு முன்னும் மினுமினுப்பு அடங்கும் இரண்டு கணங்களை வைத்து நாமே நேர்க்குறியோ எதிர்க்குறியோ போட வேண்டும்.

மணற்காற்றுக்குப் பிறகு

உராய்வு வேகம் வினாடிக்கு 0.2 முதல் 0.25 மீட்டரைத் தொட்டால் நுண்மணல் தாவத் தொடங்கும். அந்த நேரத்துத் தரவை அழிக்காமல், தனிக் குறியிட்டு வையுங்கள். காற்று அடங்கியதும் முதல் வேலையாகத் தூய நீரை மென்மையாக ஊற்றி முனைகளைக் கழுவுங்கள். துணியால் தேய்த்தால் ஒட்டியிருக்கும் மணல் முனையைக் கீறும். அட்டைப் பெட்டிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மட்டம் பாருங்கள். பிறகு ஒரு நாடாவை எடுத்து, தரையிலிருந்து கருவி வரை உள்ள உயரத்தை மீண்டும் அளந்து, தேதியோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஓர் இரவுக் காற்றில் மணல் அரை அடி ஏறியோ இறங்கியோ இருக்கலாம். உங்கள் 3 மீட்டர் இப்போது 3 மீட்டர் அல்ல.